நடந்து போய் படகில் திரும்பும் தீவு
வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடி கார்ன்வால். அங்கே மவுன்ட்ஸ் பே என்ற விரிகுடாவில், கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கருங்கல் குன்று நிற்கிறது. பெயர் செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட். உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் சிறு துறைமுகம், அதை ஒட்டி ஒரு கிராமம். கடல் வற்றும்போது எதிர்க்கரையில் உள்ள மரசையன் ஊரிலிருந்து கல்பாதையில் நடந்தே போகலாம். கடல் பெருகினால் படகுதான். பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகும் வாசகர்கள் இந்தத் தீவைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஜூன் மாதம் லண்டனில் மகன் வீட்டில் இருப்போம். இந்தத் தீவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எந்த நாள் என்று எப்படி முடிவு செய்வது?
— வாசகி, கோயம்புத்தூர்

ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பிறகு ஓத அட்டவணையை, அதாவது கடல் பெருகி வற்றும் நேரப்பட்டியலைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் முதலில் ஓதத்தைப் பாருங்கள், டிக்கெட்டை அதன்பின் எடுங்கள்.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை பெருகி இரண்டு முறை வற்றும். ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கல்பாதை பொதுவாக வற்றுநேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தலைகாட்டி, இரண்டு மணி நேரம் கழித்து மூழ்கும். ஆக, ஒரு வற்றுக்குச் சுமார் நான்கு மணி நேரம் நடக்கக் கிடைக்கும்.

நம் வீட்டு நாள்காட்டியே இதற்கு உதவும். மவுன்ட்ஸ் பேயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக வற்றும். அந்த வற்று பெரும்பாலும் நண்பகல் 12 மணியிலிருந்து 1 மணிக்குள் வரும். அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் இன்னும் நல்லது. காலை பத்து, பத்தரைக்குப் பாதை திறந்து பிற்பகல் இரண்டு, இரண்டரை வரை இருக்கும். கோட்டை திறந்திருக்கும் நேரமும் அதுவே. அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் நிலைமை தலைகீழ். நண்பகலில் கடல் நிறைந்து நிற்கும், வற்று அதிகாலையிலும் மாலையிலும் வரும். அந்த வற்றும் முழுமையானது அல்ல. தெற்கு, தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் பாதை சொன்ன நேரத்துக்கு முன்பே மூழ்கிவிடும்.

நாளைத் தேர்ந்தெடுத்த பிறகு, தீவின் நிர்வாகம் தன் இணையதளத்தில் வெளியிடும் கல்பாதை நேரங்களைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பொதுவான ஓத அட்டவணையைப் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அந்த ஒரு மணியைக் கூட்ட மறந்தால் காலையில் பாதை திறக்க ஒரு மணி நேரம் கரையில் காத்து நிற்பீர்கள். மாலையில் கடல் மூடிக்கொள்ளும் நேரத்தையும் தவறாகக் கணக்குப் போடுவீர்கள்.

லண்டனிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பலாம் என்று திட்டமிடாதீர்கள். பாடிங்டன் நிலையத்திலிருந்து பென்சான்ஸுக்கு நேரடி ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாடிங்டனிலிருந்து படுக்கை வசதியுள்ள இரவு ரயிலும் உண்டு, சனிக்கிழமை இரவு மட்டும் கிடையாது. அதில் ஏறினால் காலை எட்டு மணிவாக்கில் பென்சான்ஸில் இறங்கலாம். அங்கிருந்து மரசையன் சுமார் 5 கிலோமீட்டர். பஸ் இருக்கிறது. கடலோரமாகச் சமதளத்தில் நடைபாதையும் இருக்கிறது. பெட்டியில்லாமல் வந்தால் நடந்தே போங்கள். வளைந்த விரிகுடாவில் குன்று கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். முதல்முறை வருபவர்கள் தவறவிடக் கூடாத காட்சி அது.

பாதை மூடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டால் என்ன? முழங்கால் அளவுத் தண்ணீர்தானே, பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்துவிடலாமே?
— வாசகர், ஹாரோ, லண்டன்

நடக்கக் கூடாது. காரணத்தை எண்ணிக்கையோடு சொல்கிறோம், ஏனென்றால் 'ஆபத்து' என்ற ஒரு சொல் யாரையும் நிறுத்துவதில்லை.

இந்த விரிகுடாவில் பெரிய ஓத நாட்களில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் சுமார் 4.8 மீட்டர் ஏறுகிறது. சென்னைக் கடற்கரையில் இந்த ஏற்றம் சுமார் ஒரு மீட்டர், பாக் நீரிணையில் அதைவிடக் குறைவு. நம் கடலைப் பார்த்துப் பழகிய கண் இந்தக் கடலைக் குறைத்து மதிப்பிடுவதில் வியப்பில்லை.

அந்த 4.8 மீட்டரும் ஒரே சீராக ஏறுவதில்லை. மாலுமிகள் வைத்திருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. அதாவது முதல் மணியில் 40 சென்டிமீட்டர், இரண்டாவதில் 80, மூன்றாவதில் 1.2 மீட்டர். கல்பாதை மூடுவது வற்றிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து என்றோமே, அதாவது கடல் மிக வேகமாக ஏறத் தொடங்கும் அதே கட்டத்தில்தான் பாதை மூழ்குகிறது. நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர். பாதையைக் கடக்கப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். நீங்கள் கால் வைக்கும்போது முழங்காலுக்குக் கீழே இருந்த நீர், கரை சேர்வதற்குள் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். உங்களுக்கு அது தொடை. உங்கள் கையைப் பிடித்து வரும் ஆறு வயதுக் குழந்தைக்கு இடுப்பு.

அதோடு நீர் இரு பக்கமிருந்தும் பாதை மேல் ஏறும், அலையும் இருக்கும். அடியில் சமமில்லாத கருங்கற்கள், அவற்றின் மேல் பாசி. நீருக்குள் பாதையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. விலகிக் கால் வைத்தால் பள்ளம். நம் ஊரில் வெள்ளத்தின்போது தரைப்பாலத்தைக் கடக்க முயல்கிறவர்களுக்கு நேர்வது இங்கேயும் நேரும்.

வானிலையும் கணக்கில் உண்டு. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். புயல்சின்னம் நெருங்கும் நாளில் அட்டவணை சொன்னதைவிட 20, 30 சென்டிமீட்டர் அதிகமாக நிற்பது சாதாரணம். அட்டவணை அச்சானபோது இன்றைய வானிலை யாருக்கும் தெரியாது. கரையில் நிற்கும் பணியாளர் "போதும், இனிப் போகாதீர்கள்" என்றால், உங்கள் கையில் உள்ள தாள் இன்னும் இருபது நிமிடம் இருப்பதாகச் சொன்னாலும் அவர் பேச்சைக் கேளுங்கள்.

பாதை மூழ்கிவிட்டால் படகு இருக்கிறது, கட்டணம் சில பவுண்டுகள்தான். நடுப்பாதையில் நீர் ஏறக் கண்டால் எந்தக் கரை அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் உடனே திரும்புங்கள். மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்தால் 999க்கு அழைத்து 'கோஸ்ட்கார்ட்' (கடலோரக் காவல்) வேண்டும் என்று சொல்லுங்கள், நீங்கள் இறங்காதீர்கள்.

படகு நிற்கும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இரண்டேகாலுக்கு மூழ்கிய பாதை மறுபடி வெளியே வர இரவு பத்தரை தாண்டும். தீவில் பயணிகள் தங்க விடுதி இல்லை.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. கூட்டிக்கொண்டு போகலாமோ? அல்லது மரசையன் கரையிலேயே இருத்திவிட்டுப் போவது நல்லமோ?
— வாசகர், யாழ்ப்பாணம்

கூட்டிப் போகலாம். ஆனால் தீவை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்து யோசியுங்கள்.

கோட்டைக்கு ஏறும் வழி செங்குத்தானது. பழைய யாத்திரிகர் படிகளும் உருளைக்கற்கள் பதித்த பாதையும் கலந்தது, பல இடங்களில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நல்ல காலுள்ளவருக்கு இருபது நிமிட ஏற்றம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும், மழை பெய்திருந்தால் இன்னும் கடினம். தள்ளுவண்டி, சக்கர நாற்காலி இரண்டுக்கும் அந்தப் பாதை ஒத்துவராது. மேலே உள்ள அறைகளுக்குள்ளும் படிகள் உண்டு. எனவே 'மெதுவாக ஏறிப் பார்ப்போம்' என்று தொடங்கி பாதியில் நிற்க வேண்டாம். முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கீழே துறைமுகத்தைச் சுற்றியுள்ள பகுதி ஓரளவு சமம். உணவகம், தேநீர்க்கடை, கடைகள், கழிப்பறை, உட்கார இடம் எல்லாம் அங்கேயே உள்ளன. அம்மா அங்கே இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருக்கலாம், பார்ப்பதற்கும் விஷயம் உண்டு. 1846இல் விக்டோரியா ராணி இந்தத் தீவில் கரையிறங்கிய இடத்தில் அவருடைய காலடியைப் பித்தளையில் பதித்து வைத்திருக்கிறார்கள். பாதம் எவ்வளவு சிறியது என்பதுதான் பார்ப்பவர்களை வியக்க வைக்கும். துறைமுகத்திலிருந்து பாறையைக் குடைந்து கோட்டைக்கு ஏறும் சிறு ரயில்பாதை ஒன்றும் தொடங்குவது இங்கேதான். சுமார் 1900இல், கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு வெட்டியது. இன்றும் மேலே சாமான் ஏற்றுவது அதில்தான். பயணிகளை ஏற்றுவதில்லை, ஆகவே அம்மாவை அதில் ஏற்றிவிடலாம் என்ற நம்பிக்கை வேண்டாம்.

தீவுக்குப் போகும் வழியில் கல்பாதையா படகா என்பது அவரவர் காலைப் பொறுத்தது. கல்பாதையில் ஏற்றம் இல்லை, ஆனால் கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். கைத்தடி உதவும். படகில் நடை மிச்சம், ஆனால் ஏறி இறங்கும்போது ஈரப்படிகளில் கால் வைக்க வேண்டும், படகும் ஆடும். கடல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மரசையன் பக்கம் படகு கிளம்பும் இடமே மாறும். கடல் நிறைந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏறி இறங்க வேண்டிய படிகள் குறையும். ஏறுவதற்கு முன் படகோட்டியிடம் முழங்கால் பிரச்சினையைச் சொல்லுங்கள், கை கொடுப்பார்கள்.

செருப்பு விஷயம் எல்லோருக்கும் பொதுவானது. தோல் செருப்பு, ஹீல்ஸ், தேய்ந்த அடி உள்ள எதுவும் கூடாது. பிடிமானமுள்ள ரப்பர் அடி ஷூவும் ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸும் போதும். சேலை கட்டுகிறவர்கள் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொள்வது நல்லது. பாதை அப்போதுதான் திறந்திருந்தால் கற்களுக்கிடையில் நீர் தேங்கி நிற்கும்.

இது கோயிலா, கோட்டையா, யாருடைய வீடு? படிக்கப் படிக்கக் குழப்பமாக இருக்கிறது.
— வாசகர், திருச்சி

மூன்றும்தான். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது.

495இல் மீனவர்களுக்கு மிக்கேல் அதிதூதர் இந்தப் பாறையில் காட்சி தந்தார் என்பது ஐதிகம். பிறகு எட்வர்ட் கன்பெசர் என்ற அரசர், பிரான்ஸில் இதே பெயருள்ள மோன் சேன் மிஷேல் மடத்தின் துறவிகளுக்கு இந்தத் தீவைக் கொடுத்தார். 12ஆம் நூற்றாண்டில் அவர்கள் உச்சியில் கட்டிய தேவாலயம் பின்னர் திருத்திக் கட்டப்பட்டு இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பிரான்ஸோடு நீண்ட போர் வந்ததும், பிரெஞ்சு மடத்தின் கையில் இங்கிலாந்துக் கரையோரக் குன்று இருப்பதை அரசர்கள் விரும்பவில்லை. தொடர்பு அறுந்தது.

சுற்றிலும் கடல், ஏற ஒரே வழி. அப்படிப்பட்ட இடம் மடமாக மட்டும் நீடிக்குமா? 1473இல் ஆக்ஸ்போர்டு பிரபு ஜான் டி வேர், ஆட்களுக்கு யாத்திரிகர் வேடம் போட்டு உள்ளே நுழைந்து கைப்பற்றினார். சிறு கூட்டம்தான், ஆனால் அரச படையை 1474 பிப்ரவரி வரை தடுத்து நிறுத்தியது. மேலே போய்ப் பாதையைக் குனிந்து பார்த்தால் அது எப்படி முடிந்தது என்று உங்களுக்கே விளங்கும். 1588இல் ஸ்பெயினின் போர்க்கப்பல் கூட்டம் தென்பட்டபோது இங்கே எச்சரிக்கைத் தீ மூட்டப்பட்டது. உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற கோட்டை 1646இல் நாடாளுமன்றப் படையிடம் சரணடைந்தது.

அந்தப் படையின் கர்னல் ஜான் செயின்ட் ஆபின் 1659இல் தீவை விலைக்கு வாங்கினார். அவருடைய வம்சம்தான் இன்றும் கோட்டையில் குடியிருக்கிறது. 1870களில் குடும்பம் பெருகி இடம் போதாமல் போனபோது, உறவினரான கட்டடக் கலைஞர் பியர்ஸ் செயின்ட் ஆபின் ஒரு பெரிய பகுதியையே புதிதாகச் சேர்த்தார். அதை உச்சிக்கு மேல் உயர்த்தாமல் பாறைச் சரிவில் கீழ்நோக்கி அடுக்கினார். மரசையன் கரையிலிருந்து பார்க்கும்போது குன்றின் பழைய வடிவம் கெடாமல் இருப்பது அந்த முடிவால்தான். நம் ஊர்களில் பழைய கட்டடங்களுக்குப் புது மாடி எழுப்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1954இல் குடும்பம் தீவை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்தது. பதிலுக்குக் கோட்டையில் 999 ஆண்டுகள் குடியிருக்கும் குத்தகை உரிமையைப் பெற்றது. ஆகவே பயணிகள் பார்ப்பது கோட்டையின் ஒரு பகுதிதான், மற்றது வீடு.

கிராமமும் அப்படியே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருநூறு பேருக்கு மேல் வாழ்ந்த இடம் இது. 1852இல் ரயில் பென்சான்ஸ் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது, துறைமுகம் ஓய்ந்தது. 2011 கணக்கெடுப்பில் 35 பேர். படகோட்டி, தோட்டக்காரர், கோட்டை ஊழியர் என்று பெரும்பாலும் தீவிலேயே வேலை செய்கிறவர்கள். அழகாக இருக்கிறதே என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுப்பதும் வேண்டாம். அது கண்காட்சி அல்ல, குடித்தனம்.

கோட்டைக்குள் எதைத் தவறவிடக் கூடாது? தோட்டத்துக்குத் தனிச் சீட்டு வாங்குவது வீணா?
— வாசகி, சென்னை

உணவுக்கூடமாக இருந்த செவி சேஸ் அறையை நின்று பாருங்கள். சுவரின் மேல்விளிம்பு முழுக்க வேட்டைக் காட்சி சுண்ணச்சாந்தில் ஓடுகிறது: முயல், மான், நாய்கள், ஈட்டிக்காரர்கள். துறவிகள் மௌனமாகச் சாப்பிட்ட அதே இடத்தில் பின்னால் வந்தவர்கள் செய்த வேலை. அடுத்து, ஓத நேரம் காட்டும் கடிகாரம். இந்த வீட்டுக்காரர்களுக்கு மணியைவிடக் கடல் முக்கியம் என்பதை ஒரே பொருளில் சொல்லிவிடும். கோட்டையின் பட்லராக, அதாவது வீட்டுத் தலைமைப் பணியாளராக இருந்த ஒருவர் ஷாம்பெயின் பாட்டில் தக்கைகளால் செய்த தீவின் மாதிரியும் இருக்கிறது, குழந்தைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். தேவாலயத்தையும் மேல்தளத்திலிருந்து தெரியும் கடலையும் சேர்த்தால் கோட்டைக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

தோட்டம் வீண் இல்லை, ஆனால் எல்லா நாளும் திறப்பதில்லை. வாரத்தில் சில நாட்கள், வருடத்தில் சில மாதங்கள் மட்டும். நாளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் பாருங்கள். இங்கிலாந்தில் கற்றாழை, ஏயோனியம், நீலக்கத்தாழை எல்லாம் வெட்டவெளியில் செழித்து நிற்பதைப் பார்க்கலாம். பகலில் வெயிலை வாங்கி வைத்த கருங்கல் இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடுகிறது, சூழ்ந்த கடல் உறைபனியைத் தடுக்கிறது. அதுதான் ரகசியம். உப்புக்காற்றுதான் செடிகளுக்கு எதிரி. செங்குத்தான சரிவில் அடுக்கடுக்காக வெட்டிய படித்தளங்கள் என்பதால் உயரம் கண்டு தலைசுற்றுகிறவர்கள் கீழே புல்வெளியிலிருந்தே பார்க்கட்டும்.

சனி, ஞாயிறுதான் எங்களுக்கு விடுமுறை. டிக்கெட், பார்க்கிங் பற்றிச் சொல்லுங்கள். டிரோன் கொண்டுபோகலாமா?
— வாசகர், பர்மிங்ஹாம்

ஞாயிறே போங்கள். கோட்டை சனிக்கிழமை மூடியிருப்பதுதான் வழக்கம். குளிர்காலத்தில் திறப்பு மிகக் குறைவு. பள்ளி விடுமுறைக் காலத்தில் நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை கோட்டைக்குச் செல்லும், தோட்டத்துக்கும் படகுக்கும் செல்லாது. கார் மரசையன் கடற்கரையோர நிறுத்தங்களில், கட்டணம் உண்டு. கோடையில் பத்து மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். டிரோன் கூடாது. பலத்த காற்றென்றால் படகும் நிற்கும், கோட்டையும் மூடலாம், அதனால் கிளம்பும் காலையில் ஒருமுறை இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— வாசகி, சேலம்

கார்ன்வாலில் எங்கு திரும்பினாலும் 'பாஸ்டி' விற்பார்கள். நம் சோமாசி வடிவில், இரண்டு கை அளவு. ஆனால் பாரம்பரியக் கார்னிஷ் பாஸ்டியில் உள்ளே இருப்பது மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு வகை டர்னிப் கிழங்கு. சீஸ்–வெங்காய பாஸ்டி பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். அப்போதும் மேல்மாவில் விலங்குக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா, மேலே முட்டை பூசியிருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லிவிடுவார்கள். 'கிரீம் டீ' என்றால் ஸ்கோன் ரொட்டி, ஜாம், கெட்டிப் பாலாடை, தேநீர். கார்ன்வாலில் ஜாமை முதலில் தடவி மேலே பாலாடை வைப்பார்கள். பக்கத்து டெவன் மாவட்டத்தில் வரிசை மாறும், இரு பக்கமும் இதை உயிர்ப்பிரச்சினையாகவே பேசுவார்கள். தீவின் உணவகத்தில் மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் அலைமோதும். பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள், அல்லது புளியோதரை கட்டிக்கொண்டு துறைமுகப் புல்வெளியில் உட்காருங்கள். கடற்காகங்கள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும், பொட்டலத்தை மடியில் வையுங்கள்.

இந்தத் தீவின் பழைய பெயருக்குக் 'காட்டுக்குள் இருக்கும் பாறை' என்று பொருளாமே? பூம்புகார் போல அங்கும் கடல்கோள் நடந்ததா?
— வாசகர், மயிலாடுதுறை

கார்னிஷ் மொழியில் 'கரெக் லூஸ் இன் கூஸ்' என்கிறார்கள். காட்டுக்குள் உள்ள நரைத்த பாறை என்று பொருள். பெயர் வெறும் கற்பனை இல்லை. மவுன்ட்ஸ் பேயில் கடல் மிக வற்றும் நாட்களில், மணலை அலை அரித்திருந்தால், மரங்களின் அடிக்கட்டைகளும் மட்கிய காட்டு மண்ணும் வெளியே தெரியும். 2014 தொடக்கத்தில் அடித்த புயல்களுக்குப் பிறகு நிறையத் தெரிந்தன. ஓக், பைன் மரங்கள், சில ஆயிரம் ஆண்டுகள் பழையவை. ஆனால் ஒரே இரவில் மூழ்கியதல்ல. பனியுகம் முடிந்து பனி உருக உருக, கடல் தலைமுறை தலைமுறையாக ஏறி வந்த கதை.

திடீர் வெள்ளமும் ஒருமுறை வந்தது. 1755 நவம்பர் 1, லிஸ்பன் நிலநடுக்கம். அன்று பிற்பகல் இந்தக் குன்றின் அடியில் கடல் பத்து நிமிடத்தில் ஆறடி உயர்ந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது, மணிக்கணக்கில் இப்படியே. 2004க்குப் பிறகு நம் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி. விரிகுடாவின் மறுகோடியில் தெரியும் நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை கடல்மட்டத்தை இடைவிடாமல் அளந்து கிடைத்த சராசரிதான் பிரிட்டன் பெருநிலத்தின் 'கடல்மட்டம்'. அங்குள்ள மலைகளுக்கெல்லாம் உயரம் கணக்கிடுவது இந்தத் தண்ணீரிலிருந்துதான்.

லிண்டிஸ்பார்ன், மோன் சேன் மிஷேல், இது. மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால்?
— வாசகர், டொராண்டோ

கார் ஓட்டும் குடும்பம், வடக்கே எடின்பரோ பக்கம் பயணம் என்றால் லிண்டிஸ்பார்ன். 635இல் புனித எய்டன் மடம் அமைத்த தீவு, 793இல் வைக்கிங் தாக்குதல் நடந்த இடம். அங்குள்ள 16ஆம் நூற்றாண்டுக் கோட்டையை 1901க்குப் பிறகு வீடாக மாற்றிக் கொடுத்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுடெல்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ். டெல்லி பார்த்தவர்களுக்கு அவருடைய கை இவ்வளவு சிறிய வீட்டில் எப்படி வேலை செய்திருக்கிறது என்று பார்ப்பது சுவையாக இருக்கும். ஆனால் அங்கே பாதை மூடினால் பதிலுக்குப் படகு கிடையாது. பாதுகாப்பு நேரத்தைப் பொருட்படுத்தாமல் காரை இறக்கி, நடுவழியில் கைவிட்டு, கம்பங்கள் மேல் நிற்கும் தஞ்சக் கூண்டில் ஏறி மீட்புப் படைக்காகக் காத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. வாடகைக் கார் என்றால் உப்புநீர் புகுந்த இன்ஜினுக்கான செலவு உங்கள் தலையில் விழலாம்.

மோன் சேன் மிஷேல் மூன்றிலும் பெரியது, கூட்டமும் மிகப் பெரியது. 2014இல் புதிய பாலம் திறந்த பிறகு, மிகப் பெரிய ஓத நாட்களின் சில மணி நேரம் தவிர எப்போதும் போகலாம். கட்டடத்துக்காகப் போங்கள். கடல் வழிவிடும் அனுபவம் அங்கே முன்போல் இல்லை. அது பிரான்ஸ் என்பதால் பிரிட்டன் விசா அங்கே செல்லாது, ஷெங்கன் விசா வேண்டும்.

காலால் நடந்து போய், அதே இடத்தில் சில மணி நேரம் கழித்துப் படகில் திரும்ப வேண்டும் என்றால் செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட்தான். பாதை மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நடந்து போங்கள், கோட்டையைப் பாருங்கள், மேல்தளத்தில் நின்று நீங்கள் வந்த வழி மூழ்குவதைப் பாருங்கள். முதலில் தாழ்ந்த இடங்களில் நீர் கோடு கோடாகக் குறுக்கே ஓடும். பிறகு பாதை துண்டு துண்டாகும். கடைசி மனிதர் ஓடி வருவார். அதன்பின் அங்கே பாதை இருந்ததற்கு அடையாளமே இருக்காது. கீழே இறங்கி வரிசையில் நில்லுங்கள், பாதை மூடிய சற்று நேரத்தில் படகு வரும்.